தோப்புத் தண்ணி கடல் தொட்டிக்கு வேண்டாம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் லெட்டர் கிடைச்சுது. தென்னைக்கு மறுபடி வெள்ளை ஈ வந்திருக்குன்னு படிச்சு மனசு சங்கடமாயிருச்சு. அம்மாவுக்கு முட்டிவலி தேவலைங்கறதுல நிம்மதி. கோயமுத்தூர்ல நாங்க எல்லாரும் சௌக்கியம். பாப்பா லீவுக்குப் பொள்ளாச்சிதான் வரோணும்னு நிக்கிறா.

இனி, உப்புத் தண்ணியில மீனும் பவளமும் வளக்கிற உன் கடல் தொட்டி விஷயத்துக்கு வர்றேன். பாறையெல்லாம் முடிப்பாசி, மருந்து ஊத்தலாமான்னு கேட்டிருக்க. வேண்டாம் மாப்ளே. பாசி மருந்து சிலதுல செம்பு இருக்கும். மீன் தாங்கினாலும் இறால், நத்தை, பவளம் தாங்காது. செத்த பாசியும் அங்கயே அழுகி, தின்ன சத்தைத் தண்ணிக்கே திருப்பி விட்டுரும். அடுத்த பாசிக்கு அதான் எரு.

டெஸ்ட் கிட்ல, பாசிக்குச் சத்தான நைட்ரேட் பூஜ்யம் காட்டுதுன்னு எழுதியிருந்த. வர்றதையெல்லாம் பாசி தின்னுட்டா தண்ணியில என்ன மிஞ்சும்? எங்கிருந்து வருதுன்னுதான் பாக்கோணும். தோப்பு போர் தண்ணியில உப்பைக் கரைக்கிற. யூரியா போட்ட பூமியில நைட்ரேட் கீழ இறங்கி அந்தத் தண்ணியில சேரும். சிறுவாணித் தண்ணியையே நான் நேரா ஊத்துறதில்லை, குளோரின் கலந்து வருது. ஆர்.ஓ.வுல விட்டு, அப்புறம் மிஞ்சின உப்பையும் பிடிக்கிற டி.ஐ. ரெசின்லயும் விட்டு, தண்ணியில கரைஞ்சிருக்கிறதை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டினாத்தான் உப்பைப் போடுவேன்.

இந்த வெயிலுக்குத் தண்ணிதான் சுண்டும், உப்பு அப்படியே நிக்கும். குறைஞ்சதுக்கு உப்பில்லாத அதே சுத்தத் தண்ணியை ஊத்து. நல்ல தண்ணியோட அடர்த்தியை 1ன்னு வெச்சா, தொட்டித் தண்ணி 1.025ல இருக்கோணும். லைட் 8 மணி நேரம் போதும். உறைஞ்ச இறாலை வடிகட்டியில அலசிட்டுப் போடு, அந்தச் சாறுலயும் பாசி தின்கிற பாஸ்பேட் இருக்கு.

இருக்கிற பாசியைக் கையாலயே எடுக்கோணும். பழைய டூத் பிரஷ்ல தேய்க்கும்போதே தண்ணி வெளியேத்துற டியூப்போட முனையைப் பக்கத்துல வெச்சு உறிஞ்ச விட்டுரு. உதிர்ந்த துணுக்கு வேற பாறையில ஒட்டினா அங்கயும் முளைக்கும். குட்டையாக்கி விட்டாத்தான் டர்போ நத்தையும் ஒழுங்கா மேயும். ராத்திரி கண்ணாடியில அது ஏறும்போது டார்ச் அடிச்சுப் பாரு. வாய் திறந்து திறந்து மூடும், நாக்கு உரசின இடம் மட்டும் பளிச்சுன்னு தெரியும். பாத்துட்டே இருக்கலாம் மாப்ளே.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. பாசி போனப்புறமும் நைட்ரேட்டைச் சுத்தமாத் தொடச்சு எடுத்துராதே. பவளத்துக்கும் கொஞ்சம் வேணும். 5 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்துல அஞ்சு பங்கு கிட்ட இருந்தா நல்லது.

பாப்பாவைக் கூட்டிட்டு வர்றப்ப ரெண்டு கேன் சுத்தத் தண்ணி கொண்டாரேன். பாறையை ரெண்டு பேரும் சேந்தே தேய்க்கலாம். அதுவரைக்கும் மருந்து பாட்டிலைத் திறக்காதே.

அன்புடன்,
உன் மாப்ளை