மஞ்சள் புள்ளிகள்

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ அனுப்பிய படத்தை ராத்திரி வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறிநோய் (ரேபிஸ்) வைரஸ் தொற்றிய செல்கள், உள்ளே கடுகு சிதறியது போல மஞ்சள் புள்ளிகள். "அப்பா, வைரஸ் ஆட்டோஃபேஜியைக் கூட்டிவிடுகிறது, பாருங்கள்" என்று எழுதியிருந்தாய். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆட்டோஃபேஜி என்றால் தன்னைத் தானே தின்பது. பெயர்தான் பயங்கரம், வேலை என்னவோ குப்பை அள்ளுவது. பழைய புரதத்தையும் பழுதான மைட்டோகாண்ட்ரியாவையும் செல் ஓர் இரட்டைச் சவ்வுப் பையில் கட்டி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமின் அமிலத்தில் கொட்டிக் கரைக்கிறது. மற்ற செல்கள் பிரியும்போது குப்பையையும் பங்கு போட்டுக்கொள்ளும். முதிர்ந்த நரம்பணு பிரிவதில்லை, அதற்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் 2006இல், ஆட்டோஃபேஜிக்குத் தேவையான ஏடிஜி5 அல்லது ஏடிஜி7 மரபணுவை நரம்பு மண்டலச் செல்களில் நீக்கிய எலிகளுக்கு, வேறு எந்த நோயும் இல்லாமலே மூளை சிதையத் தொடங்கியது.

இப்போது உன் புள்ளிகள். அந்தப் பையின் சவ்வில் ஒட்டும் எல்சி3 புரதத்தோடு, சிவப்பாகவும் பச்சையாகவும் ஒளிரும் இரண்டு புரதங்களைச் சேர்த்து ஒட்டியிருக்கிறாய். இரண்டும் சேர்ந்து ஒளிர்ந்தால் மஞ்சள். அமிலத்தில் பச்சை அணைந்துவிடும், சிவப்பு நிற்கும். அப்படியானால் மஞ்சள் என்பது இன்னும் அமிலத்தைத் தொடாத பை. உன் படத்தில் சிவப்பு எங்கே? தேடித் தேடி ஏழெட்டுதான் கண்டேன். பைகள் கட்டப்படுகின்றன, ஆனால் கொட்டப்படவில்லை. வைரஸின் பி என்ற புரதம், செல்லின் பெக்லின்-1 என்ற புரதத்தைப் பிடித்துப் பை கட்டும் வேலையைத் தூண்டிவிடுகிறது என்றும், அந்தப் பைகள் லைசோசோம்வரை போய் முடிவதில்லை என்றும், இந்த அரைகுறை வேலை வைரஸ் பெருகத் தோதாக இருக்கிறது என்றும் நீயே படித்திருப்பாய். தெருவில் குப்பை லாரி நிறைய நிற்கிறது என்றால் ஊர் சுத்தமாகிறது என்று அர்த்தமா?

புரதச் சோதனையில் எல்சி3-2 (பையில் ஒட்டிய எல்சி3) பட்டை தடித்ததை வைத்தும் முடிவு கட்டாதே. பை அதிகம் உருவானாலும் தடிக்கும், காலியாகாமல் தேங்கினாலும் தடிக்கும். பாஃபிலோமைசின் என்ற மருந்தைப் போட்டு லைசோசோமை நீயே அடைத்துப் பார். நல்ல செல்லில் பட்டை இன்னும் ஏறும். தொற்றிய செல்லில் அசையாமல் நின்றால், அங்கே ஏற்கெனவே அடைப்பு இருக்கிறது. பி62வையும் பார்த்துவிடு, அது குப்பையோடு தானும் கரைய வேண்டிய புரதம்.

இன்னொன்று. நீ வைத்திருப்பது நரம்புப் புற்று செல்கள், பிரிந்து பெருகுபவை. உண்மையான நரம்பணுவில் பல பைகள் அதன் நீண்ட இழையான ஆக்சானின் கடைக்கோடியில் உருவாகி, டைனீன் என்ற இழுவைப் புரதம் இழுக்க, செல் உடலை நோக்கி வருகின்றன. கடித்த இடத்திலிருந்து வைரஸும் அதே திசையில்தான், அதே டைனீனைப் பிடித்துத்தான் வருகிறது. எனக்கு இதைவிடச் சுவாரஸ்யமான கேள்வி உன் திட்டத்தில் தெரியவில்லை. உன் வழிகாட்டியிடம் கேட்டுப் பார்.

நான் ஏன் இவ்வளவு நச்சரிக்கிறேன் என்றால், ஒரு பழைய கதை இருக்கிறது. உன்னிடம் சொன்னதில்லை. வெறிநோய் இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒரு நாயின் மூளை வந்தது. அதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடியில் தடவி, செல்லர்ஸ் சாயம் ஏற்றிப் பார்த்தேன். வெறிநோய் என்றால் நீல நரம்பணுக்களுக்குள் கருஞ்சிவப்பாக நெக்ரி உருண்டைகள் இருக்க வேண்டும். 1903இல் அவற்றைக் கண்ட நெக்ரி ஏதோ ஒட்டுண்ணி என்றே நினைத்தார். உண்மையில் வைரஸ் தன்னை நகலெடுக்கும் பட்டறை அது. எனக்கு ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் ஒளிரும் எதிர்ப்பொருள் சோதனையில் அதே மூளை பச்சையாக ஜொலித்தது. கடிபட்டவர் நல்லவேளையாக என் தாளுக்குக் காத்திராமல் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தார். அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, அப்புறம் உன் டைட்டர், அதான் ரத்தத்தில் வெறிநோய்க்கு எதிரான எதிர்ப்பொருளின் அளவு, பார்த்தாயா? ஒரு மில்லிக்கு 0.5 யூனிட்டுக்குக் கீழே போயிருந்தால் பூஸ்டர் போட்டுவிட்டுத்தான் ஆய்வகத்துக்குள் காலை வைக்க வேண்டும். அம்மா கேட்கச் சொன்னாள் என்று எழுதியிருக்கலாம். நான்தான் கேட்கிறேன்.

பாஃபிலோமைசின் போட்ட படம் வந்ததும் அனுப்பு. இந்தத் தடவை சிவப்பையும் நீயே எண்ணி எழுது, என் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அப்பா