முதலில் புள்ளி வை, பிறகு கணக்குப் போடு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் மீண்டும் நடக்கப் போகிறார்.

நீ அனுப்பிய அறிக்கையைப் படித்தேன். மாத மழைக்கும் கிணற்று நீர்மட்டத்துக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு நெருக்கமாக நேர்க்கோட்டில் சேர்ந்து மாறுகின்றன என்று −1 முதல் 1 வரை சொல்லும் எண்) −0.82 என்று போட்டு, கீழே "வலுவான தொடர்பு" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாய். படம் எங்கே? கணினி ஒரு நொடியில் வரைந்து தரும் என்பாய். தரும். நீயும் அதை ஒரு நொடிதான் பார்ப்பாய். கையால் வரைந்தால், ஒவ்வொரு மாதத்தையும் பார்த்து, இடம் தேடி வைத்த பிறகுதான் அடுத்த மாதத்துக்குப் போக முடியும்.

உன் எண்ணைப் பார்த்ததும் ஆன்ஸ்கம் நினைவுக்கு வந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆங்கிலேயப் புள்ளியியலாளர். எண் கணக்குத்தான் துல்லியம், வரைபடம் வெறும் தோராயம் என்ற நினைப்பை உடைக்க 1973-இல் நான்கு சிறு அட்டவணைகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் கிடை அச்சில் வைக்க ஒரு மதிப்பு, நிலை அச்சில் வைக்க ஒரு மதிப்பு என்று 11 இணைகள். நான்கிலும் கிடை மதிப்புகளின் சராசரி 9, நிலை மதிப்புகளின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு ஏறக்குறைய 0.82. மீச்சிறு வர்க்க முறையில் (புள்ளிகள் கோட்டிலிருந்து மேலும் கீழும் விலகும் தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி கோடு போடும் முறை) கிடைக்கும் கோடும் ஒன்றே: கிடை மதிப்பில் பாதியோடு 3-ஐக் கூட்ட வேண்டும். எண்களை மட்டும் பார்ப்பவனுக்கு நான்கும் ஒன்றுதான்.

உன் கிணற்றைத் தொடும் முன் இவற்றை வரைந்து பழகு. நான்கு வரைபடத் தாள்கள், நன்றாகச் சீவிய பென்சில், ஒளி ஊடுருவும் அளவுகோல் போதும். முதலில் மிகச்சிறிய, மிகப்பெரிய மதிப்புகளைத் தேடு. கிடை மதிப்பு 4 முதல் 19 வரை, நிலை மதிப்பு 3.10 முதல் 12.74 வரை. ஆகவே கிடை அச்சில் 1 செ.மீ. = 2 அலகுகள், நிலை அச்சில் 1 செ.மீ. = 1 அலகு. பள்ளியில் எழுதியதைப் போலவே அளவுத்திட்டத்தை வலது மேல் மூலையில் எழுது. ஒரு சென்டிமீட்டருக்கு 3 அலகு, 7 அலகு என்று வைத்துக்கொள்ளாதே. ஒவ்வொரு புள்ளிக்கும் வகுத்துக்கொண்டே இருப்பாய். நான்கு தாளிலும் ஒரே அளவுத்திட்டம் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

முதல் அட்டவணையின் முதல் இணை 10, 8.04. கிடை அச்சில் 10-க்குப் போய், அங்கிருந்து நேராக மேலே 8-ஐத் தாண்டி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக ஏறி, சிறிய பெருக்கல் குறி போடு. குண்டுப் புள்ளி வேண்டாம், மையம் தெரியாமல் போகும். வைத்தவுடன் அட்டவணையில் அந்த வரியை அடித்துவிடு. புள்ளிகளைக் கோட்டால் இணைக்காதே. இது காய்ச்சல் அட்டவணை இல்லை. நிரல்களைத் தனித்தனியாக ஏறுவரிசைப்படுத்தவும் கூடாது. அப்படிச் செய்த நிமிடமே இணை பிரிந்து, தொடர்பே இல்லாத இடத்தில்கூட அழகான தொடர்பு முளைத்துவிடும்.

முதல் தாளில் புள்ளிகள் கோட்டைச் சுற்றிச் சாதாரணமாகச் சிதறிக் கிடக்கும். இரண்டாவதில் அவை வளைந்து, 11-க்கு மேலே 9.26-இல் உச்சி தொட்டு இறங்கும். அங்கே நேர்க்கோடு போடுவதே தவறு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்க, 13-க்கு நேரே 12.74 மட்டும் உயரத்தில் போய் நின்று, கோட்டைத் தன் பக்கம் இழுக்கும். நான்காவதுதான் பெரிய குறும்பு. பத்துப் புள்ளிகள் 8-க்கு மேலே ஒரே தூணாக நிற்கும். 19-இல் இருக்கும் ஒற்றைப் புள்ளியை விரலால் மறைத்துப் பார், சாய்வு என்று பேசவே எதுவும் மிஞ்சாது. 0.82 முழுவதும் அந்த ஒற்றை ஆள் தந்தது. எத்தனை வகுப்புகளுக்கு இதை வரையச் சொல்லியிருக்கிறேன்! அந்த நான்காம் தாளில் எப்போதும் யாராவது "டீச்சர், நான் தப்பாக வைத்துவிட்டேனா?" என்று கேட்பார்கள்.

கோடு போடும்போது சராசரிப் புள்ளியை, அதாவது 9, 7.5 என்ற இடத்தை, முதலில் குறி. மீச்சிறு வர்க்கக் கோடு எப்போதும் அதன் வழியாகத்தான் போகும். அளவுகோலை அங்கே வைத்துத் திருப்பி, இரு பக்கமும் புள்ளிகள் சமமாக விழும்படி நிறுத்து.

இனி உன் கிணறு. மழையைக் கிடை அச்சில் வை, ஏனென்றால் காரணமாகக் கருதுவது அதைத்தான். நீ அளந்திருப்பது தரையிலிருந்து நீர் வரையுள்ள ஆழம். மழை கூடினால் அந்த எண் குறைகிறது, அதனால்தான் கெழுவுக்குக் குறைக் குறி. அறிக்கையில் இதை ஒரு வரியில் சொல்லிவிடு. "மழை பெய்தால் நீர் இறங்குகிறதா?" என்று உன் மேலதிகாரி கேட்பதற்கு முன் சொல்வது நல்லது.

இன்னொன்று. மழை நீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றை அடைய நாளாகலாம். அக்டோபர் மழையை அக்டோபர் நீர்மட்டத்தோடு சேர்த்திருக்கிறாய். நவம்பர் நீர்மட்டத்தோடு சேர்த்து இன்னொரு தாளில் வரைந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். எதை எதோடு இணையாக்குவது என்பதைக் கணினி முடிவு செய்யாது, நீதான் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் மாதத்தின் பெயரைச் சிறிதாக எழுது. ஏதாவது ஒரு மாதம் நான்காம் தாளின் 19-ஐப் போலத் தனியே நின்றால், கெழுவை அறிக்கையில் விட்டுவைப்பதா எடுப்பதா என்று அப்புறம் பேசலாம். வரைந்ததும் படம் எடுத்து அனுப்பு. அளவுத்திட்டம் எழுதியிருக்கும் மூலையும் படத்தில் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா