"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உங்கள் அம்மாவோ அப்பாவோ படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்வது நீங்கள் இல்லை. உங்கள் அக்கா, தம்பி, அல்லது தம்பியின் மனைவி. நீங்கள் அடிக்கடி போன் செய்கிறீர்கள். வைக்கும் முன் தவறாமல் சொல்கிறீர்கள்: "ஏதாவது வேணும்னா சொல்லு." மனதாரத்தான் சொல்கிறீர்கள், அதில் சந்தேகமில்லை. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்சுகளும் பிசியோதெரபிஸ்டுகளும் சேர்ந்து எழுதும் மடல் இது. நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான்: அந்த வார்த்தையால் அந்த வீட்டில் ஒரு நிமிட வேலைகூடக் குறைவதில்லை. மாறாக, ஒரு வேலை கூடுகிறது.

"சொல்லு" என்றால், எதைக் கேட்கலாம் என்று அவர்தான் யோசிக்க வேண்டும். உங்களுக்கு எப்போது தோதுப்படும் என்று கணிக்க வேண்டும். எப்படிச் செய்வதென்று விளக்க வேண்டும், சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க வேண்டும், கடைசியில் நன்றியும் சொல்ல வேண்டும். இத்தனைக்கு நானே செய்துவிட்டுப் போகிறேன் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அங்கே என்ன நடக்கிறது என்று ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தானாகப் புரள முடியாதவரை, படுக்கைப் புண் வராமலிருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் நாளைக்கு 12 முறை; தலையணைகளைச் சரிசெய்வதோடு ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம், ஆக 120. டயப்பர் மாற்றிச் சுத்தம் செய்வது 6 முறை, 20 நிமிடம் வீதம் 120. விழுங்கச் சிரமப்படுபவருக்கு மெதுவாக ஊட்டுவது 4 வேளை, 40 நிமிடம் வீதம் 160. உடம்பு துடைத்து வாய் சுத்தம் செய்ய 60, மருந்துகளுக்கு 30, துணி துவைக்க 60. மொத்தம் 550 நிமிடம், அதாவது 9 மணி 10 நிமிடம். சமையல், ஆஸ்பத்திரி அலைச்சல், உங்கள் போன் எதுவும் இதில் சேரவில்லை. இந்த ஒன்பது மணி நேரம் ஓர் ஆபீஸ் வேலைபோல் ஒரே மூச்சில் முடிவதும் இல்லை. 24 மணி நேரத்துக்கும் தூவிவிட்டதுபோல் கிடக்கும். சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் கிடைக்காது. ஆளைத் தேய்ப்பது இந்தத் துண்டு துண்டான நேரம்தான். வேலையின் அளவு அதற்கு அடுத்தபடிதான்.

இது மனதைரியம் சம்பந்தப்பட்டதல்ல, உடம்பு சம்பந்தப்பட்டது. 1995-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுமை மறதி நோய் உள்ள உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களுக்கும், வயதிலும் வருமானத்திலும் அவர்களை ஒத்த வேறு 13 பெண்களுக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் உண்டாக்கி, ஆறும் நாட்களை எண்ணினார்கள். பார்த்துக்கொள்பவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. "உன் மனசைத் திடமா வெச்சுக்கோ" என்று அறிவுரை சொல்லும் முன் அந்தச் சிறு காயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனவே நீங்கள் கொடுக்க வேண்டியது நேரம். அதிலும் இரவு. வாரத்தில் இரண்டு இரவுகளை உங்கள் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்: இரவு 9 மணி முதல் காலை 7 வரை. அதே கிழமைகள், எல்லா வாரமும். "இந்த வாரம் முடிந்தால் வருகிறேன்" என்பது உதவாது. வருவீர்களா மாட்டீர்களா என்று பாதிக் காதைத் தீட்டிக்கொண்டு தூங்குபவர் தூங்குவதில்லை. வீட்டில் இன்னொரு அறை இருந்தால் அவரைக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு இரவுகளில் எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். மூன்றாவது நான்காவது வாரத்தில்தான் நம்பித் தூங்குவார். அதுவரை விடாமல் போங்கள்.

தூரத்தில் இருப்பவரும் இரவைக் காப்பாற்றலாம். பார்த்துக்கொள்பவர் எத்தனை மணிக்கு, எதற்காக எழுந்தார் என்று ஏழு இரவுகள் குறியுங்கள். குறிக்கும் வேலையையும் அவர் தலையில் கட்டாதீர்கள்; காலையில் போனில் கேட்டு நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் காரணங்கள் தாமாகவே தெரியவரும். சிறுநீருக்காக என்றால், நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகவைக்கும் மருந்து) எத்தனை மணிக்குப் போகிறது என்று பாருங்கள். மாலையில் போகிறதென்றால் முன்னதாக மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இரவுக்கு மட்டும் அதிகம் உறிஞ்சும் டயப்பர், நினைவு தெளிவாக உள்ள ஆண்களுக்குக் கைக்கெட்டும் இடத்தில் யூரின் பாட்டில். தினமும் பின்னிரவு 2 மணிக்கு வலி என்றால் இரவு மருந்தின் வேகம் அதற்குள் தீர்ந்துவிடுவது காரணமாக இருக்கலாம். நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து உண்டா என்று கேட்க வேண்டும். குழப்பமும் பயமும் என்றால் பகல் தூக்கத்தைக் குறைப்பது, ஒரு மங்கலான விளக்கு, கண்ணில் படும்படி ஒரு கடிகாரம். ஆனால் குழப்பம் நேற்றுவரை இல்லாமல் இன்று திடீரென வந்திருந்தால் அது தொற்றாகவோ மருந்தின் கோளாறாகவோ இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

புரட்டுவதற்காக எழுகிறார் என்றால் மெத்தையைக் கவனியுங்கள். அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல நுரை மெத்தை போட்டு, தோலும் நன்றாக இருந்தால், இரவில் இடைவெளியை 3 அல்லது 4 மணி நேரமாக நீட்டலாமா என்று நர்சிடமோ மருத்துவரிடமோ கேட்கலாம். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் நீட்டக்கூடாது. கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். இரவில் இரண்டு முறை எழுவது குறைந்தால், வேறு எந்த ஆறுதலும் கொடுக்காததை அது கொடுக்கும்.

இரவு தங்கப் போகிறவர் புரட்டத் தெரிந்துகொண்டு போங்கள். இதில்தான் முதுகு போகிறது. கட்டில் உங்கள் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும்; குனிந்து செய்யும் ஒவ்வொரு முறையும் முதுகுதான் விலை கொடுக்கிறது. எந்தப் பக்கம் புரட்டுகிறீர்களோ அந்தப் பக்கமே நில்லுங்கள். உங்களுக்கு அப்பால் உள்ள கையை அவர் மார்பின் மேல் குறுக்கே வையுங்கள், அப்பால் உள்ள முழங்காலை மடக்குங்கள். ஒரு கை அவர் தோளில், மறு கை இடுப்பில் வைத்து, உங்களை நோக்கி உருட்டுங்கள். தூக்க வேண்டியதில்லை, மடக்கிய முழங்காலே பாதி வேலையைச் செய்துவிடும். முழுப் பக்கவாட்டில் நிறுத்தாமல் ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில், முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் மெத்தையைத் தொடக்கூடாது.

கீழே சரிந்தவரை மேலே இழுக்க அக்குளில் கை கொடுக்காதீர்கள், தோள்மூட்டு பிசகும். தோள் முதல் தொடை வரை மடித்துப் போட்ட விரிப்பைப் பிடித்து, தலைமாட்டைத் தாழ்த்திவிட்டு, இரண்டு பேர் இழுக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஊழியர்களுக்கே, நோயாளியைக் கையால் தூக்கும்போது தாங்கும் எடை சுமார் 16 கிலோவைத் தாண்டக்கூடாது என்ற அளவுகோல் 2007-இல் அமெரிக்காவில் முன்வைக்கப்பட்டது. 60 கிலோ எடையுள்ளவரின் இரண்டு கால்களே அதற்கு மேல் வரும். உங்கள் அக்கா தனியாளாகத் தினமும் தூக்குவது எவ்வளவு என்று புரியும்.

வேலையைப் பங்குபோடும்போது முழு வேலையாக எடுங்கள். "மாத்திரை வாங்கித் தருகிறேன்" என்பது கால் வேலை. எது எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ணுவது, தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்குவது, சீட்டு பழையதாகிவிட்டதா என்று பார்ப்பது, வாரத்துக்கான டப்பாவில் வேளை வாரியாகப் போடுவது எல்லாம் சேர்ந்தால்தான் மருந்து வேலை. நினைவில் வைத்திருப்பதையும் உங்கள் பக்கம் எடுத்துக்கொள்ளாதவரை பாரம் நகரவே இல்லை. பணம் அனுப்புபவர்களுக்கும் இதே பேச்சுதான். ஆள் வைக்கப் பணம் கொடுத்தீர்கள், சரி. ஆளைத் தேடியது யார், பழக்கியது யார், அவர் வராத நாளில் நிற்பது யார்? தேடுவதையும் மாற்று ஆளுக்கு ஏற்பாடு செய்வதையும் போனிலேயே செய்யலாம்.

அவர் மறுப்பார். "நான் பார்த்துக்கிறேன், நீ போ" என்பார். அம்மாவும் வேறு கை பட்டால் முகம் சுளிப்பார். அதை ஒப்புக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். முதல் சில முறை அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், பிறகு அவர் பார்க்க நீங்கள் செய்யுங்கள், அதன் பிறகுதான் தனியாக. ஒரு நோட்டு போடுங்கள்: கடைசியாகப் புரட்டிய நேரம், எந்தப் பக்கம், மருந்து கொடுத்த நேரம், சிறுநீர், மலம், தோலில் கண்டது. நோட்டு இல்லாத வீட்டில் நடுராத்திரி ஒரு சந்தேகம் வந்தால் தூங்குபவரை எழுப்பித்தான் கேட்க வேண்டும். நீங்கள் இருக்கும் நேரத்தில் அவர் துணி துவைக்கக்கூடாது, உங்களுக்குச் சமைக்கக்கூடாது. தூங்கட்டும், இல்லையென்றால் வீட்டைவிட்டு வெளியே போகட்டும். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் மன்னியுங்கள்: அவர் செய்வதில் குறை கண்டுபிடிக்கும் உரிமை, தனியாக ஓர் இரவாவது பார்த்தவருக்குத்தான்.

சில அறிகுறிகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே மாத்திரையை இரண்டு முறை கொடுத்துவிட்டார். தன் சொந்த மருந்தை வாரக்கணக்கில் விட்டுவிட்டார். உங்கள் போனை எடுப்பதில்லை. சுத்தம் செய்யும்போது கை முரடாகிறது. இவை கெட்ட குணமல்ல, ஆள் தீர்ந்துபோன அடையாளம். கோபம் தலைக்கேறும்போது நோயாளியைப் பக்கவாட்டில் பத்திரமாகப் படுக்கவைத்து, கட்டிலின் கம்பியை ஏற்றிவிட்டு, பத்து நிமிடம் வேறு அறைக்குப் போய்விடலாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். "நான் செத்தால் தேவலை" என்றோ "இவர் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்றோ சொன்னால் அதட்டாதீர்கள். அன்றே கிளம்பிப் போங்கள், பொறுப்பைக் கையில் வாங்கிக்கொண்டு அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்த அளவுக்குப் போகும் முன்பே, பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்க 1980-இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவன் ஜாரிட் குழுவினர் உண்டாக்கிய கேள்வித்தாள் இருக்கிறது: இப்போது புழக்கத்தில் உள்ளதில் 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், அதிகபட்சம் 88; எண் கூடக்கூடச் சுமையும் அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைப் போட்டுப் பார்க்கும்படி நோயாளியைப் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள்.

இன்றைக்கு போன் செய்யும்போது இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "செவ்வாய் ராத்திரி 9 மணிக்கு வர்றேன், காலையில 7 மணிக்குத்தான் கிளம்புவேன். அடுத்த செவ்வாயும் வருவேன். அப்பாவைப் புரட்டுறதை ஒரு தடவை காட்டிட்டு நீ போய்ப் படுத்துக்கோ."