பஞ்சாலைக் கண்காட்சிக்குத் துணை நின்றோருக்கு நன்றி

மதிப்பிற்குரிய புதுவைப் பெருமக்களுக்கு வணக்கம்.

புதுவைப் பஞ்சாலைகளைப் பற்றிய எங்கள் கண்காட்சியும், அதனையொட்டி ஞாயிறு மாலைகளில் நடைபெற்ற உரையாடல்களும், பள்ளி மாணவர்களுக்கான நகர் உலாவும் இனிதே நிறைவுற்றன. இவற்றுக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் கண்காட்சிக் குழுவின் சார்பில் நன்றி தெரிவிக்கவே இம்மடல்.

நகர வரலாறு என்றதும் அரிக்கமேட்டையும் டூப்ளேயையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் நினைத்தே பழகிவிட்ட எங்களிடம், 1898-இல் தொடங்கப்பட்ட ரோடியர் ஆலையும் சவானா, பாரதி ஆலைகளும் அருங்காட்சியகத்தில் இடம்பெற வேண்டியவையே என்று எடுத்துரைத்தவர்கள் முதலியார்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தொழிலாளர்கள். சொன்னதோடு நில்லாமல், வீட்டுப் பரணில் கிடந்த, நூல் சுற்றும் பாபின்களையும் வருகை அட்டைகளையும் சங்கக் கூட்ட அழைப்பிதழ்களையும் தேடி எடுத்து வந்து தந்தார்கள். அவற்றுள் ஒன்று, நெய்யும்போது ஊடை நூலைக் குறுக்கே கொண்டு செல்லும், இருமுனையிலும் இரும்புக் கூம்பு பதித்த தறி நாடா. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளின்மேல் பல்லாண்டு ஓடியதில் அதன் அடிப்புறம் கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. நூலை அதன் கண்ணில் வாய் வைத்து உறிஞ்சி வெளியே இழுப்பதுண்டு என்று ஒரு பெரியவர் பாவனையாகச் செய்துகாட்டி, நூலோடு பஞ்சுத் தூசும் உள்ளே போகும் என்று சொன்னபோது, அதுவரை கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்த மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். நாங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய விளக்கப் பலகைகள் அதில் பாதியைக்கூடச் செய்யவில்லை என்பதே எங்கள் கணிப்பு.

ஆலைத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களுக்குத் தனியே நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஆலைச் சங்கு ஊதும் நேரத்தைக் கணக்கிட்டு உலை வைத்ததையும், வேலைநிறுத்தக் காலங்களில் கடைக்காரரிடம் கடன் சொல்லிக் குடும்பம் நடத்தியதையும் அவர்கள் கூறிய உரையாடலுக்குத்தான் கூடத்தில் நிற்கவும் இடமில்லாத கூட்டம். எந்த ஆவணக் காப்பகத்திலும் இச்செய்திகள் கிடைத்திரா.

1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த பன்னிரண்டு தொழிலாளர்களையும், தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முதலானோரின் முயற்சியால் 1937-இல் எட்டு மணி நேர வேலை உரிமை சட்டமானதையும் கூறும் பகுதிக்காகப் பிரெஞ்சு ஆவணங்களைப் படித்துத் தமிழாக்கித் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும், அப்பகுதியை அலங்காரம் ஏதுமின்றி எளிமையாகவே அமைக்க வேண்டும் என்று வற்புறுத்திய தொழிற்சங்கத் தோழர்களுக்கும் எங்கள் வணக்கம். பழைய படங்களின்மேல் நேர் வெளிச்சம் விழாதபடி விளக்குகளை மாற்றியமைத்த மின்பணியாளர், ஐப்பசி மழையிலும் ஒரு பொருளும் நனையாமல் கொண்டுவந்து சேர்த்த டெம்போ ஓட்டுநர், உலாவின்போது மாணவர்களை வரிசை கலையாமல் அழைத்துச் சென்ற ஆசிரியப் பெருமக்கள், மாலைதோறும் தேநீர் வழங்கிவிட்டுப் பணம் வாங்க மறுத்த எதிர்க்கடைக்காரர் ஆகிய அனைவருக்கும் நன்றி.

இரவலாகப் பெற்ற பொருள்கள் யாவும் பதிவேட்டுடன் சரிபார்க்கப்பட்டு, மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி வைக்கப்பட்டுள்ளன. உரியவர்கள் ஒப்புகைச் சீட்டைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். நேரில் வர இயலாத முதியோரின் இல்லத்துக்கு நாங்களே கொண்டுவந்து தருவோம். உரையாடல்களின் ஒலிப்பதிவுப் படி ஒன்று, பேசியவர்கள் ஒவ்வொருவருக்கும் பொருள்களுடன் சேர்த்து அளிக்கப்படும்.

இப்படிக்கு,
கண்காட்சிக் குழுவினர்,
புதுச்சேரி.