முகப்புத் தூணை அளந்துபோன ஆள்

தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் நலம்தானே? போன் எடுப்பதில்லை, சரி, வேலை இருக்கும்.

மழைக்குப் பிறகு இரண்டாங்கட்டு மேற்குச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. உன் சித்தப்பா சிமெண்ட் பூசிய இடம் மட்டும் உப்புப் பூத்துப் பொரிந்து விழுகிறது. அதை ஒட்டிய பழைய பூச்சு, கடுக்காய்த் தண்ணியும் முட்டை வெள்ளைக்கருவும் போட்ட சுண்ணாம்பு, இன்றைக்கும் கை வைத்தால் வழுக்கும். செங்கல்லில் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடுமாம், சிமெண்ட் உள்ளேயே அடைத்துப்போடுமாம். கொத்தனார் இப்போது சொல்கிறார். நான் அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

கானாடுகாத்தானுக்கு வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியாயிற்றே. நம் வீட்டுப் படத்தைப் பேரன் பள்ளிக்கூடத்தில் காட்டினானாமே, மருமகள் சொன்னாள். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். படம் காட்டினால் போதுமா? முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வந்தார்கள். உன் அறைதான் பூட்டிக் கிடந்தது.

அப்புறம், காரைக்குடியிலிருந்து ஒரு ஆள் வந்தான். பழைய சாமான் வியாபாரி. கேட்காமலே முகப்பில் பர்மா தேக்குத் தூண்களை நாடா பிடித்து அளந்தான். வாசல் நிலையில் செதுக்கியிருக்கும் கஜலட்சுமியை விரலால் சுரண்டிப் பார்த்தான். உன் பெயரைச் சொன்னான், போனில் உன் நம்பரையும் காட்டினான். என் பிள்ளை அப்படிச் செய்கிறவன் இல்லை என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வடக்குத் தெரு வீட்டில் இப்படித்தான் முதலில் தூண் போனது. தாங்க ஆள் இல்லாத கூரை எத்தனை மழைக்கு நிற்கும்? ஓடு சரிந்து, தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, இப்போது செங்கல்லையும் வண்டியில் ஏற்றுகிறார்கள். இது பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. ஒருத்தர் கையெழுத்தில் ஒரு கதவைக்கூடக் கழற்ற முடியாது. உனக்குத் தெரியாததா?

பணமுடை ஏதும் என்றால் ஆத்தாவிடம் சொல். என் வளையல் சும்மாதான் கிடக்கிறது.

மேற்குச் சுவருக்கு மறுபடி சிமெண்டே பூசலாம் என்கிறார் சித்தப்பா. வேண்டாம் என்று நீயே போன் போட்டுச் சொல். சிமெண்ட் கூடவே கூடாது. நான் சொன்னால் கேட்கமாட்டார்.

அந்த ஆள் வெள்ளிக்கிழமை திரும்ப வருகிறானாம். அவனிடம் நான் என்ன சொல்லட்டும்?

ஆத்தா