மொய்னாக் கப்பல்களும் இரண்டு சொற்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் உலகின் விசித்திர இடங்கள் என்று ஒரு படத் தொகுப்பு போட்டிருந்தீர்கள். உஸ்பெகிஸ்தானில் உள்ள மொய்னாக் என்ற ஊரில், மணலுக்கு நடுவே துருப்பிடித்துக் கிடக்கும் கப்பல்களின் படமும் அதில் இருந்தது. படம் அருமை. ஆனால் அதன் கீழே "இயற்கையின் விந்தை" என்று அச்சிட்டிருந்தீர்கள். அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் 1981-ல் புவியியல் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தேன். "உலகின் நான்காவது பெரிய ஏரி ஆரல் கடல்" என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எங்கள் வகுப்பறையில் தொங்கிய பழைய நிலப்படத்தில் அது பெரிய நீலத் திட்டாக இருக்கும். நான் எழுதிப் போட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அந்த நீலம் வற்றிக்கொண்டிருந்தது. அது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆரல் கடலிலிருந்து எந்த ஆறும் வெளியே போவதில்லை. பாமிர் மலையிலிருந்து வரும் அமு தரியாவும், தியான் ஷான் மலையிலிருந்து வரும் சிர் தரியாவும் கொண்டுவந்து கொட்டுவதும், வெயில் ஆவியாக்கி எடுத்துப்போவதும் சரிக்குச் சரியாக இருந்ததால்தான் அது கடலாக நின்றது. 1960 வாக்கில் அதன் பரப்பு ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீட்டர். அந்தச் சமயத்தில் சோவியத் அரசு இரண்டு ஆறுகளையும் பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. பருத்திக்கு அங்கே 'வெள்ளைத் தங்கம்' என்று பெயர். கால்வாய்கள் பலவற்றுக்கு அடியில் பூச்சுகூடக் கிடையாது, ஓடிய தண்ணீரில் பெரும்பங்கை மணலே குடித்தது. ஏரி சுருங்கும் என்பது திட்டம் போட்டவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பருத்தி வந்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

மொய்னாக் அப்போது ஆரல் கடலின் கரையில் இருந்த துறைமுக ஊர். மீனை டின்னில் அடைக்கும் பெரிய தொழிற்சாலை அங்கே இருந்தது. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, படகு போவதற்குக் கால்வாய் தோண்டிக்கொண்டு அதன் பின்னாலேயே போனார்கள். கடல் அதைவிட வேகமாக விலகிப் போனது. உப்பு ஏறி மீன்கள் செத்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் மீன்பிடிப்பே நின்றுபோனது. ஆனாலும் தொழிற்சாலையை மூடினால் ஊரே பிழைப்பின்றிப் போகும் என்று, பால்டிக் கடலிலும் பசிபிக் கடலிலும் பிடித்த மீனை உறைய வைத்து, பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுவந்து டின்னில் அடைத்தார்கள். வாசலில் கடல் இருந்த ஊருக்கு, வேறு கடல் மீன் ரயிலேறி வந்தது! இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நீங்கள் போட்ட படத்தில் இருப்பவை அந்த ஊர்க்காரர்களின் மீன்பிடிக் கப்பல்கள். அவை நிற்கும் மணல் கடலின் அடித்தரை. அந்த மணலில் உப்பும், வயல்களில் தெளித்து ஆற்றோடு வந்த பூச்சிமருந்தும் கலந்திருக்கின்றன. காற்று அடிக்கும்போதெல்லாம் அது வீட்டுக்குள் வருகிறது. மொய்னாக் இருக்கும் கரகல்பாக்ஸ்தான் பகுதி மக்களுக்கு மூச்சுக் கோளாறும் இரத்தசோகையும் அதிகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1987 வாக்கில் இந்தக் கடல் வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. வடக்குப் பகுதி கஜகஸ்தானில் இருக்கிறது. அந்த நாட்டு அரசு உலக வங்கியின் கடனுதவியோடு கோக்-ஆரல் என்ற இடத்தில் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அணை கட்டி, 2005-ல் முடித்தது. சிர் தரியா தண்ணீர் தெற்கே ஓடி வீணாவது வெகுவாகக் குறைந்தது. நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும் என்று நினைத்தார்கள், ஒரு வருஷத்துக்குள்ளேயே தண்ணீர் மட்டம் ஏறிவிட்டது. உப்பு குறைந்தது, ஆற்று மீன்கள் திரும்பி வந்தன. வலையைத் தூக்கிப் போட்டவர்கள் மறுபடியும் படகு இறக்கினார்கள். தெற்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. அங்கே கிழக்குப் பகுதி 2014-ல் முழுவதும் காய்ந்துபோனது. மொய்னாக் அந்தத் தெற்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்.

உங்கள் இதழை என் பேத்தியும் படிக்கிறாள். "விந்தைன்னா தானா நடந்ததா, பாட்டி?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி நிலப்படத்தை எடுத்துக் காட்டினேன். எல்லா வீட்டிலும் பழைய நிலப்படம் இருக்காது. ஆகவே அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி ஒரு வரி வெளியிடுங்கள். இடம் இருந்தால், வடக்கு ஆரலில் இப்போது மீன் பிடிப்பவர்களின் படம் ஒன்றையும் பக்கத்தில் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
மன்னார்குடி