மலக்கசிவைப் பற்றிப் பெண்களிடம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

பிரசவத்தின்போது மலவாசலைச் சூழ்ந்த சுருக்குத் தசை கிழிந்த பெண்களிற் பலர், அதன் விளைவைப் பல ஆண்டுகள் கழித்து, மாதவிடாய் நின்ற பின்னரே உணர்கிறார்கள். காற்றையோ மலத்தையோ அடக்க இயலாமற் போகும்போது, மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நகருக்குப் பஸ் ஏறுவதையும், கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் போவதையும் மெல்ல நிறுத்திவிடுகிறார்கள். தொழுகைக்கு நிற்கையில் வுழு (தொழுகைக்கு முன் செய்யும் உடற்சுத்தம்) முறிந்துவிடுமோ என்று கலங்குவோரும் உண்டு. வயது போனால் இப்படித்தான் என்று வீட்டாரும் விட்டுவிடுகின்றனர். ஓய்வுபெற்ற தாதியான எனக்கு இது மிகுந்த வேதனை தருகிறது. ஏனெனில் இதற்குச் சிகிச்சை உண்டு.

உணவு மாற்றம், மலத்தை இறுகச் செய்யும் லோபெரமைட் மாத்திரை, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி ஆகியவையே பலருக்குப் போதுமானவை. இவற்றால் குணம் காணாதவர்களுக்குத்தான் சத்திரசிகிச்சை. மலவாசலுக்குள் செலுத்திச் செய்யப்படும் ஸ்கேன் பரிசோதனையில் தசை அறுந்திருப்பது தெரியவந்தால், அறுந்த முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தைக்கலாம். தொடக்கத்தில் நல்ல பலன் கிடைத்தாலும், ஐந்து, பத்து ஆண்டுகளில் அது குறையக்கூடும் என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்வது வைத்தியரின் கடமை என்றே கருதுகிறேன்.

மற்றொரு முறையில், முள்ளந்தண்டின் அடியிலுள்ள எலும்புத் துளையினூடாக நரம்பருகே மெல்லிய கம்பியொன்றைச் செலுத்தி, சிறிதளவு மின்தூண்டல் கொடுக்கிறார்கள். ஜேர்மனியில் இந்நோய்க்கு இதனைப் பயன்படுத்திய வைத்தியர்கள் 1995 இல் அதன் பலனை வெளியிட்டார்கள். இரண்டு, மூன்று வாரங்கள் தற்காலிகமாகப் பரீட்சித்து, கசிவு பாதியளவாவது குறைந்தால் மட்டுமே கருவியைப் பிட்டத்தின் தோலுக்கடியில் நிலையாகப் பொருத்துவர். தசை அறுந்திருந்தாலும் இது பலன் தரக்கூடும். ஆனால் கருவியின் விலை மிக அதிகம். எதுவும் பலிக்காதபோது வயிற்றில் மலம் வெளியேற வழி அமைத்துப் பை பொருத்துவதுண்டு. பெண்கள் பெரிதும் அஞ்சுவது இதற்குத்தான். எனினும் வீட்டைவிட்டு வெளியேற முடியாதிருந்த ஒருவருக்கு அது மீண்டும் நடமாட வழிசெய்யும். மலக்குடல் வெளித்தள்ளியிருந்தால் அதற்குரிய சத்திரசிகிச்சை வேறு.

1996 இல் தொடங்கப்பட்ட, பெண்களின் நோய்களை முன்கூட்டியே கண்டறியும் சுகவனிதையர் கிளினிக்குகளிலும், பிரசவத்துக்குப் பின்னரான வீட்டுத் தரிசிப்பின்போதும், 'உங்களை அறியாமல் காற்றோ மலமோ போகிறதா?' என்று தனிமையில், தமிழில் கேட்கும்படி சுகாதாரத் துறையினரை வேண்டுகிறேன். கேட்காதவரை எங்கள் பெண்கள் வாய்திறக்க மாட்டார்கள். முன்னைய பிரசவத்தில் ஆழமான கிழிவு ஏற்பட்டவர்கள் அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அதைத் தெரிவித்தால், குழந்தையைச் சுகப்பிரசவமாகப் பெறுவதா, சிசேரியன் செய்வதா என்பதை வைத்தியருடன் பேசி முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
உவர்மலை, திருகோணமலை.